கடல் விலகிய மண்ணில் தொண்டைமானோடு

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்களுக்குப் பெரம்பலூர் என்றால் காபிக்கு நிறுத்துகிற இடம். அரியலூர் அந்தச் சாலையிலேயே இல்லை; ரயிலில் போகிறவர்கள் பெரும்பாலும் தூக்கத்தில் கடந்துவிடுவார்கள். இந்த இரண்டு மாவட்டங்களையும் பார்ப்பதற்கென்றே கிளம்புகிறேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானைப் படித்தவர்களுக்கு இந்தக் கிறுக்கு புரியும்.

தொண்டைமான் திருநெல்வேலிக்காரர். 1904-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர். எழுத்தாளர் தொ. மு. சி. ரகுநாதனுக்கு அண்ணன். தம்பி பொதுவுடைமைக்காரர், அண்ணனோ அரசாங்க அதிகாரி, சைவத்திலும் கம்பனிலும் ஊறியவர். வேலூரில் மாவட்ட ஆட்சியராக இருந்து ஓய்வு பெற்றார். உத்தியோகத்தில் இருந்தபோதே ஊர் ஊராகக் கோயில் பார்த்தார். பிறகு அதையெல்லாம் 'வேங்கடம் முதல் குமரி வரை' என்ற வரிசையாக எழுதினார். 'பாலாற்றின் மருங்கிலே', 'பொன்னியின் மடியிலே', 'பொருநைத் துறையிலே' என்று ஆற்றின் பேரில் பாகங்கள். ஒரு ஊர், ஒரு கட்டுரை. வயலுக்குள்ளும் குளக்கரையிலும் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகள் தஞ்சைக் கலைக்கூடமாக 1951-இல் ஒரு கூரைக்குள் வந்ததிலும் அவர் பங்கு பெரியது.

'பொன்னியின் மடியிலே'யைத்தான் நான் கையில் எடுத்துக்கொண்டேன். உடன் வந்த நண்பர் எடுத்து வந்தது வேறு புத்தகம். அவர் ஓய்வு பெற்ற பொறியாளர், கோல்ஃப் பித்து. பெர்னார்ட் டார்வின் என்ற ஆங்கிலேயர் 1910-இல் பிரிட்டன் தீவுகளின் கோல்ஃப் மைதானங்களைப் பற்றி எழுதிய நூலைக் கைபேசியில் வைத்திருந்தார். "நீர் கோயில் கோயிலாகப் போன ஆளைப் படியும், நான் மைதானம் மைதானமாகப் போன ஆளைப் படிக்கிறேன்" என்றார். கோல்ஃபுக்கும் பெரம்பலூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "போய்ப் பார்த்தால் தெரியும்" என்று வாயை மூடிக்கொண்டார்.

முதலில் ரஞ்சன்குடி. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தாலே கோட்டை தெரிகிறது; லாரிக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள், இறங்குகிறவர்கள் குறைவு. ஆற்காடு நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் கட்டியது. அகழி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று மட்டத்தில் மதில், அரைவட்டக் கொத்தளங்கள். கல்லை எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சோதனை செய்தேன்: இரண்டு கல்லுக்கு இடையில் விரல் நகத்தைச் செருகிப் பார்த்தேன். போகவில்லை. 1751-இல் இந்த வட்டாரத்தில்தான் வாலிகண்டபுரம் சண்டை நடந்தது. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கான போட்டியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம். முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கம். ஆங்கிலேயர்கள் ஓடினார்கள். அந்தப் படையோடு, தளவாடக் கணக்குப் பார்க்கிறவராக, ராபர்ட் கிளைவும் இருந்தார். சில மாதங்களில் அவர் ஆற்காட்டைப் பிடித்து வேறு ஆளாகிவிட்டார். தோற்ற சண்டைகளைப் பாடப்புத்தகம் மறந்துவிடும், ஊர் மறப்பதில்லை. கோட்டை வாசலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "வெள்ளக்காரன் இங்கதாம்பா முதுகு காட்டுனான்" என்றார், நேற்று நடந்த மாதிரி.

பக்கத்திலேயே வாலிகண்டபுரம். வாலி பூசித்த ஈசுவரன் என்று தலபுராணம். தொண்டைமானாக இருந்தால் இங்கே கம்பனைக் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அது அவருடைய பழக்கம். கோயிலுக்குள் நேராக நுழைய மாட்டார். ஒரு கதை, ஒரு பாட்டு, நண்பர்களோடு நடந்த ஒரு வாக்குவாதம், இப்படி எங்கேயோ தொடங்கி, வாசகன் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் கோபுரத்தைக் காட்டுவார். ரசிகமணி டி. கே. சி.யின் 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தில் வளர்ந்தவர் அல்லவா? பாட்டை ஆராய்வதற்கு முன்னால் ருசிக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் பாலபாடம். தொண்டைமான் அதைப் பாட்டிலிருந்து கல்லுக்குக் கொண்டுபோனார். கல்வெட்டு அறிஞர்கள் அவரைக் குறை சொல்லலாம்; காலக்கணக்கில் அவர் அவ்வளவு கறார் இல்லை. ஆனால் கல்வெட்டு அறிஞர்களைப் படித்துவிட்டு யாரும் பஸ் ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெரம்பலூரைத் தாண்டித் தெற்கே சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக நம்பிக்கை. முன்னாளில் இந்த இடம் செல்லியம்மனுடையது. மந்திரவாதி ஒருவனிடம் செல்லியம்மன் சிக்கித் தவித்தபோது, மதுரையிலிருந்து வந்த காளி அவனை ஒழித்தாளாம். செல்லியம்மன் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாளாம். வந்தவளுக்கு இடத்தை விட்டுக் கொடுத்த சாமியை இன்றைக்கும் மறக்காமல், பூசையின்போது முதல் மரியாதை அந்த மலைப் பக்கத்துக்கு என்கிறார்கள். கோவலனைப் பறிகொடுத்து வந்த கண்ணகிதான் இவள் என்று சொல்கிறவர்களும் உண்டு.

நாங்கள் போனது ஆனி மாத வெள்ளிக்கிழமை. கோயில் வளாகத்திலேயே உரலும் உலக்கையுமாகப் பெண்கள் மாவிடித்துக்கொண்டிருந்தார்கள். மாவிளக்குக்கு வீட்டிலிருந்து மாவு கொண்டுவருவதில்லை; அரிசியை ஊறவைத்து, அங்கேயே இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போடுகிறார்கள். ஓர் அம்மாள் சல்லடையில் சலித்து, தங்கிய நொய்யை மறுபடி உரலில் கொட்டினார். "மிக்சியில போட்டா ஒரு நிமிசந்தானேம்மா?" என்று நண்பர் கேட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நிமிசத்துல முடியுறதுக்கு நான் ஏன் தம்பி சேலத்துலேருந்து வரணும்?" என்றார். சலித்த மாவை உள்ளங்கையில் அள்ளி அழுத்திப் பார்த்தார். பிடி உடையாமல் நின்றது. பிறகுதான் வெல்லத்தை எடுத்தார். பக்கத்து உரலில் அவர் மருமகள், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் உலக்கை.

இங்கிருந்து கிழக்கே திரும்பினால் மண்ணின் நிறம் மாறிக்கொண்டே வரும். கரிசல், செம்மண், சுண்ணாம்பு வெளுப்பு. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். பெரம்பலூர் மாவட்டத்துச் சின்ன வெங்காயத்துக்குத் தமிழ்நாடு முழுக்கச் சந்தை. வயலோரமாக நீளமான பட்டறைகள் போட்டு, ஓலையும் தட்டையும் வேய்ந்து, விலை ஏறும்வரை வெங்காயத்தை வைத்திருக்கிறார்கள். காற்று உள்ளே புகுந்து வெளியே போக வேண்டும். மழைத்துளி விழக் கூடாது. அந்தக் கணக்கு தப்பினால் மொத்தமும் அழுகிவிடும். செட்டிகுளத்து மலையில் முருகன் கையில் வேலுக்குப் பதில் கரும்பு இருப்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். அந்த மலை ஏற எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை.

சாத்தனூர் கல்மரம் ஒரு பள்ளத்தில் படுத்திருக்கிறது. சுற்றிலும் வேலி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பலகை, வேப்பமர நிழல். 18 மீட்டருக்கும் மேல் நீளம். படங்களில் பார்க்கும்போது கல்தூண் போலத்தான் இருக்கும். கிட்டே குனிந்து பார்த்தால் பட்டையின் வெடிப்பு, கிளை ஒடிந்த கணு, உள்ளே வைரம் பாய்ந்த ரேகை எல்லாம் அப்படியே. தட்டினால் மட்டும் கல். எம். எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் 1940-இல் முதன்முதலாக இதைப் பற்றித் தெரிவித்தார். பின்னாளில் அந்தத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர்தான். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடல் உள்ளே ஏறி வந்து, சாத்தனூருக்கும் மேற்கே எட்டுப் பத்துக் கிலோமீட்டர் வரை நிறைந்திருந்தது. கரையில் நின்ற மரங்களை ஆறுகள் அடித்துக்கொண்டுபோய்க் கடலில் தள்ளின. மணலும் களிமண்ணும் மூடிய மரத்துக்குள் கனிமம் கலந்த நீர் ஊறி, மரம் இருந்த இடத்தில் அணு அணுவாகக் கல் வந்து உட்கார்ந்தது. வரகூர், ஆனைப்பாடி, சாரதாமங்கலம் என்று சுற்று ஊர்களிலும் இதன் உறவினர்கள் துண்டு துண்டாகக் கிடக்கிறார்கள்.

காவலாளி எங்களைச் சுற்றிக் காட்டினார். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்தா மேல ஏறி உக்காந்துடுதுங்க சார். பூப்போல இருந்த மரம், பாவம்னு சொல்லுவேன்" என்றார். தொண்டைமானுக்குப் பிடித்திருக்கும் இந்த வாசகம். அவர் கண்ணுக்கு ஒரு சிலை எத்தனையாம் நூற்றாண்டு என்பது இரண்டாம் பட்சம். அது நம்மிடம் என்ன சொல்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் கோயில் இல்லாத இடத்தில் அவர் அதிகம் தங்குகிற ஆள் இல்லை. தெய்வமோ தமிழோ இல்லாத கல் அவரைப் பொறுத்தவரை வெறும் கல். அது அவருடைய எல்லை. அந்த எல்லைக்குள் நின்றதால்தான் அவ்வளவு ஆழமாகப் போனார் என்றும் எனக்குத் தோன்றும்.

காரையில்தான் நண்பர் தன் புத்தகத்தைத் திறந்தார். காரை, குலக்காநத்தம் பக்கத்துப் பொட்டலைப் பார்க்காதவர்களுக்கு அதை விவரிப்பது சிரமம். மழைநீர் அறுத்து அறுத்து, சிவப்பும் காவியும் சாம்பலுமாக ஓடை ஓடையாகப் பிளந்துகிடக்கும் களிமண் மேடுகள். புல் இல்லை. வெயிலில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லாக மினுங்குகின்றன. குனிந்தால் துப்பாக்கிக் குண்டு வடிவில் கல் கிடைக்கும். அது பெலம்னைட், கணவாய் மீனின் பழைய உறவு. சுருள் சுருளான அம்மோனைட்டும் உண்டு. நம் வீட்டுப் பூசையறைச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான், அது கண்டகி நதியில் கிடைப்பது. இங்கே கிடப்பதற்கு யாரும் துளசி சாத்துவதில்லை. 2020-இல் குன்னம் பக்கத்தில் ஏரியைத் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கல் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. கடலடிப் படிவம் உருண்டு திரண்டது அது என்று நிபுணர்கள் சொன்ன பிறகு கூட்டம் கலைந்தது. முட்டைக்கு வந்த கூட்டம் கடலுக்கு வரவில்லை. எனக்கென்னவோ முட்டையைவிடக் கடல்தான் பெரிய அதிசயம்.

"இப்போது சொல்கிறேன்" என்றார் நண்பர். பழைய ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் கோல்ஃப் மைதானங்களை லிங்க்ஸ் என்பார்கள். கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல் மேடும், அதில் முளைத்த முரட்டுப் புல்லும். விவசாயத்துக்கு உதவாத நிலம். ஆடு மேய்க்கலாம், பந்து அடிக்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ், பிரஸ்ட்விக், சாண்ட்விச் எல்லாம் அப்படிப்பட்ட மண். அந்த ஒவ்வொன்றுக்கும் போய், விளையாடி, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்த மேடு பந்தை ஏமாற்றும் என்று எழுதியவர் பெர்னார்ட் டார்வின். வக்கீலுக்குப் படித்துவிட்டு அந்தத் தொழிலை விட்டவர். 1907 முதல் 1953 வரை லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கோல்ஃப் எழுதினார். விளையாட்டுச் செய்தி என்றால் யார் ஜெயித்தார் என்று இரண்டு வரி போட்டு முடித்துக்கொண்டிருந்த காலத்தில், மைதானத்துக்கும் ஒரு முகம் உண்டு, குணம் உண்டு என்று காட்டியவர். வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற சின்ன ஊர் மைதானத்தின் மேல் அவருக்குத் தீராத மோகம். அதைவிடச் சிறந்த மைதானங்கள் உண்டு என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் அதைத்தான் கொண்டாடினார்.

இவருடைய தாத்தாதான் சார்லஸ் டார்வின். பெர்னார்டின் தாய் பிரசவத்திலேயே இறந்துவிட, பிள்ளை தாத்தா வீட்டில் வளர்ந்தது. அந்தத் தாத்தா 1859-இல் எழுதிய 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், சுண்ணாம்புக் காலத்து, அதாவது இந்த மண்ணில் கடல் இருந்த காலத்து, உயிரினங்கள் உலகின் வெகுதூர மூலைகளிலும் ஒரே சாயலில் இருப்பதைச் சொல்லும்போது இந்தியத் தீபகற்பத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரத்துப் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். ஆகவே, கடல் விட்டுப்போன நம்மூர் மண்ணின் சேதி தாத்தாவின் புத்தகத்தில் இருக்கிறது. கடல் விட்டுப்போன அவர்கள் ஊர் மண் பேரனின் புத்தகத்தில் இருக்கிறது. நண்பர் இதைச் சொல்லிவிட்டுக் காரைப் பொட்டலை மைதானமாக அளக்க ஆரம்பித்தார். இங்கே பந்து அடித்தால் தேடவே ஒரு மாமாங்கம் ஆகும் என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. ஒரே வகை இடத்தை ஆயுள் முழுக்கப் பார்த்த பயண எழுத்தாளன் ஒரு தனி ஜாதி. எல்லா ஊரையும் எல்லாவற்றையும் எழுதுகிறவனுக்கு எல்லாமே புதுசு. அதனாலேயே எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். நூறு கோயில் பார்த்தவனுக்குத்தான் நூற்றோராவது கோயில் எதில் வேறுபடுகிறது என்று தெரியும். தொண்டைமானிடம் நான் கற்றது அதுதான். கோபுரம், மண்டபம், மூலவர் என்ற வரிசை எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதில் இந்த ஊருக்கே உரியது எது என்று தேடி, அதன் முன்னால் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மிச்சத்தை நம்மிடம் விட்டுவிடுவார்.

இந்த மண்ணில் இன்னொரு பெரிய மனிதரின் காலடியும் உண்டு. உ. வே. சாமிநாதையர் சிறுவனாக அரியலூரிலும் குன்னத்திலும் காரையிலும் இருந்தார். கதாகாலட்சேபம் செய்து பிழைத்த தந்தையோடு ஊர் ஊராகப் பெயர்ந்து, கிடைத்த ஆசிரியரிடமெல்லாம் தமிழ் படித்தார். அரியலூரில் சடகோபையங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார், அவரிடம் யாப்பருங்கலக் காரிகை. 'என் சரித்திர'த்தில் இந்தப் பகுதியைப் படித்தால், பள்ளிக்கூடமே அபூர்வமான கிராமங்களில் எவ்வளவு தமிழ் வீட்டுத் திண்ணைகளில் குடியிருந்தது என்று தெரியும். ஏடு தேடி அவர் பிற்காலத்தில் அலைந்த அலைச்சலுக்கு இங்கேயே பழகிவிட்டார் போலும்.

அரியலூர் இப்போது சிமென்ட் ஊர். கடல் விட்டுப்போன சிப்பியும் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லாகி, அதை வெட்டி எடுத்து, சூளையில் சுட்டு, மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். அரசு ஆலையும் தனியார் ஆலைகளுமாகச் சுற்றிலும் புகைபோக்கிகள். சாலையோரப் புளியமரங்களின் இலை பச்சையா வெள்ளையா என்று சொல்ல முடியாது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். டீ வருவதற்குள் விரலால் பேர் எழுதலாம் போல மறுபடி தூசி. வேலையும் அதில்தான், வியாதியும் அதில்தான் என்பது ஊருக்குத் தெரியும். சென்னையில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடியில் எத்தனை கோடிக் கிளிஞ்சல் இருக்கிறதோ! வெட்டித் தீர்ந்த சுரங்கங்களில் தண்ணீர் தேங்கி, ஊருக்குள் ஒரு பச்சைக் கடல் திரும்பி வந்திருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஆள் இல்லை.

அரியலூருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1956 நவம்பர் 23-ஆம் தேதி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் விழுந்தது. நூற்றைம்பது பேர் அளவில் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் துணை அமைச்சர் அழகேசனின் பெயரை அரியலூரோடு சேர்த்து எழுந்த கோஷம் அந்தக் காலத்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். 2001-இல் பிறந்து, மறுவருஷமே கலைக்கப்பட்டு, மீண்டும் அரியலூர் மாவட்டம் உருவானது 2007 நவம்பர் 23. அதே தேதி. அதிகாரிகள் கவனித்தார்களா, இல்லையா, தெரியாது.

கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலின் மூலவர் ஒரு கல்தூண். 12 அடி உயரம். சங்கு சக்கரம் ஏந்திய திருமேனி கிடையாது; தூணே பெருமாள், அடியில் அனுமார். காணாமல் போன பசுவைத் தேடிப்போன ஒரு குடியானவர், அது இந்தத் தூணின் மேல் பால் சொரிவதைக் கண்டார் என்பது கதை. இன்றும் குடியானவர்கள் விளைச்சலில் ஒரு பங்கையும் மாடு கன்றையும் கொண்டுவந்து செலுத்துகிறார்கள். காலையில் கல்லான மரம், மாலையில் பெருமாளான கல்.

அங்கிருந்து தெற்கே பழுவூர். கல்கியின் புண்ணியத்தில் பழுவேட்டரையர் என்றால் நமக்கு மீசையும் அறுபத்துநான்கு விழுப்புண்ணும்தான் ஞாபகம். அவர்கள் கட்டிய கோயிலைப் பார்க்க யாரும் வருவதாகத் தெரியவில்லை. கீழையூரில் ஒரே மதிலுக்குள் இரண்டு சிவன் கோயில்கள். அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்று கல்வெட்டுப் பெயர். சோழர் எழுச்சியின் தொடக்கக் காலத்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கனவில்கூட இல்லாத காலம். தூணடியில் உட்கார்ந்த சிங்கங்களைப் பார்த்தால் பல்லவ வாசனை இன்னும் போகவில்லை என்று தெரியும். அளவில் எல்லாமே சின்னது. விமானத்தின் பூதகணங்களை எட்டித் தொட்டுவிடலாம் போலிருக்கிறது. ஒரு பூதம் குழல் ஊதுகிறது, ஒன்று வாயைப் பிளந்து சிரிக்கிறது. சிற்றரசர்களின் கோயில்களில் ஒரு சௌகரியம், கழுத்து வலிக்காது. பேரரசு கட்டியதை அண்ணாந்து பார்க்க வேண்டும். இதைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம்.

கொள்ளிடக் கரையில் திருமழபாடி. சுந்தரர் கனவில் இறைவன் வந்து, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. சாமியே வந்து கூப்பிடும் அளவுக்கு அன்றைக்கே வழியில் ஒதுங்கிய ஊர்தான் போலிருக்கிறது. பங்குனியில் இங்கே நந்திக்குக் கல்யாணம். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். வரன் அமையாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.

அதே கரையில் ஏலாக்குறிச்சி. இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி வீரமாமுனிவராகி, திருக்காவலூர் என்று பெயர் சூட்டி வாழ்ந்த இடம். அடைக்கல மாதாவுக்குக் கலம்பகம் பாடினார். சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாட்டில் 'தேம்பாவணி' பாடினார். பனங்காடும் கொள்ளிட மணலும் அவர் காவியத்தின் யூதேயாவுக்குள் நுழைந்துவிட்டன. அங்கே தமிழ்நாட்டு மழை பெய்யும், தமிழ்நாட்டு நெல் விளையும். ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த பாட்டியிடம் முனிவரைப் பற்றிக் கேட்டேன். "அவரு எங்க ஊருக்காரருதான்" என்றார். மறுப்பதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கடைசியாகக் கங்கைகொண்ட சோழபுரம். ராசேந்திரன் ஆட்சி 1014 முதல் 1044 வரை. அவன் படைகள் கங்கைவரை போய் வென்று நீர் கொண்டுவந்த பிறகு எழுந்த தலைநகரம். இரண்டரை நூற்றாண்டு சோழநாட்டை ஆண்ட ஊர் இன்று ஒரு கிராமம். கங்கை நீரை ஊற்றி நிறைத்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு, நீரால் ஆன வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. அந்தச் சோழகங்கம் இன்று பொன்னேரி. ஆனியில் பாதி மேய்ச்சல் நிலம். மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியதில் அரண்மனையின் செங்கல் சுவரும் கூரை ஓடும் இரும்பு ஆணியும் சீனப் பீங்கானும் கிடைத்தன. கோயிலின் சுற்றுமதிலும் கோபுரமும் மண்ணோடு போகவில்லை. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது உடைத்துக் கல்லாகக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்கள் தடுத்தும் நடக்கவில்லை. இன்று அணைக்கரைப் பாலத்தில் போகிறவர்கள் ராசேந்திரனின் கல் மேல்தான் போகிறார்கள். அணை நாலு ஊருக்குச் சோறு போட்டது உண்மை. அதற்காக அந்தக் கொள்ளையை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

தஞ்சை ஆண், இது பெண் என்று எல்லோரும் ஒப்பிக்கும் வாக்கியத்தை வழிகாட்டி ஒருவர் ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது சலித்துவிட்டது. இரண்டு விமானத்தையும் பார்த்தவர்களுக்கு வேறு ஒன்று தெரியும்: தஞ்சையில் கோடு நேராக ஏறுகிறது, இங்கே பாதியில் உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. அப்பனை மிஞ்சக் கூடாது என்று மகன் உயரத்தைக் குறைத்தான் என்பார்கள். உயரத்தை விட்டுக்கொடுத்து வளைவை எடுத்துக்கொண்டான் என்பது என் கட்சி. தஞ்சை நந்தி ஒரே கல்; இங்குள்ள நந்தி செங்கல்லும் சுதையும். உள்ளே பதின்மூன்றரை அடி லிங்கம். ஐப்பசிப் பௌர்ணமியில் நூறு மூட்டை அரிசி வடித்து அன்னாபிஷேகம்.

தொண்டைமானின் புத்தகத்தோடு நான் நின்றது வடக்குப் படிக்கட்டு ஓரம், சண்டேச அனுக்கிரக மூர்த்தி முன்னால். சண்டேசர் ஆகப்போகிற சேய்ஞலூர்ப் பையன் விசாரசருமன், ஊர் மாட்டை மேய்த்து, மணலில் லிங்கம் பிடித்துப் பாலாட்டியவன். பால் குடத்தை இடறிய தகப்பன் காலையே வெட்டியவன். அவனுக்கு இனி நானே தகப்பன் என்று சிவன் தன் கொன்றை மாலையை எடுத்துச் சூட்டுகிற காட்சி. சிவனின் விரல்கள் மாலையைப் பையன் தலையில் சுற்றுகின்றன. இறுக்கிக் கட்டவில்லை, வலிக்குமோ என்று தயங்குகிற விரல்கள் அவை. பையன் கை கூப்பி, தலை கவிழ்ந்து, உடம்பையே சின்னதாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் உமை. ராசேந்திரன் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட முடி இது என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். கோல்ஃப் நண்பர் அந்தச் சிலைக்கு முன் வெகுநேரம் பேசாமல் நின்றார். கைபேசியை எடுக்கவே இல்லை. எதிர்ப்பக்கத்து ஞானசரசுவதியைப் பார்க்க நான்தான் அவரை அழைத்துப்போக வேண்டியிருந்தது.

தமிழில் கோயில் எழுத்து என்று இன்று வருவதில் பெரும்பகுதி பரிகாரப் பட்டியல். எந்தத் தோஷத்துக்கு எந்த ஊர், எத்தனை நெய்விளக்கு. மறுபக்கம், அளவும் ஆண்டும் அடுக்கிய ஆய்வேடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிலையின் விரலைப் பார்த்து மனம் கரைந்து, அதை நல்ல தமிழில் அடுத்தவனுக்குச் சொல்லத் தெரிந்த ஆள் தொண்டைமான். அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. விக்கிமூலத்தில் காசில்லாமல் படிக்கலாம். படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மார்கழிக் குளிரைப் பார்த்துப் போகாதீர்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், வடக்குச் சுவர் நாள் முழுக்க நிழல். ஆனியிலோ ஆடியிலோ, நாலரை மணிக்கு மேல் போங்கள். வெயில் சண்டேசர் பக்கம் நேராக விழும். ஆடித் திருவாதிரை ராசேந்திரன் பிறந்த நாள், அரசு விழா. அன்று மட்டும் வேண்டாம், கூட்டத்தில் படிக்கட்டைக்கூடப் பார்க்க முடியாது.